ஜல்லிக்கல்லுக்குப் பிறந்த நாள் எப்போது?

எங்கள் தெருவில் வீடு கட்டினார்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டிய முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு மாதமாகப் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பள்ளி விட்டு வந்தால் என் மகள் நேராக அந்தக் குவியலுக்குத்தான் போவாள். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. ஒரு நாள் மாலை இரண்டு கை நிறையக் கல்லை அள்ளிவந்து, வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். தூசி போன பிறகுதான் ஜல்லியின் உண்மையான நிறம் தெரியும். சாம்பல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது ஈரத்தில் கருநீலமாகவும் பச்சை கலந்த கறுப்பாகவும் மின்னியது. ஒரு கல்லில் நீலச் சாயல் கொண்ட கண்ணாடிப் பொட்டு. இன்னொன்றில் கடுகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்தக் கல்லுக்குப் பொறந்த நாள் எப்போ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. சென்னைக்குத் தெற்கே உள்ள குவாரிகளிலிருந்து வரும் கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அந்தப் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியைக் காலூன்றச் செய்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போயிற்று. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார். அண்டார்க்டிகாவில் அதே வகைப் பாறையைக் கண்டாலும் இன்றும் அதற்கு அதுதான் பெயர். நம் பல்லாவரத்துப் பாறை, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இந்த உருவத்துக்கு வந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அந்த எண்ணை அவளிடம் சொல்லவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடந்த காலம் முழுவதும் ‘நேத்து’தான். காலையில் சாப்பிட்ட இட்லியும் நேத்து, போன தீபாவளியும் நேத்து. நூறு என்றாலும் கோடி என்றாலும் அந்த வயதில் ‘நிறைய’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. “தாத்தாவோட தாத்தா பொறக்கறதுக்கும் ரொம்ப முன்னாடி. டைனோசர் வர்றதுக்கும் முன்னாடி” என்றேன். “டைனோசருக்கும் முன்னாடியா?” என்று ஒரு முறை கேட்டுக்கொண்டாள். சிவப்புப் புள்ளி வைத்த கல்லைப் பாவாடையில் துடைத்துப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். அந்தச் சிவப்பு, கார்னெட் என்ற கனிமம். கன்னியாகுமரியில் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அந்தச் செம்மணலின் நிறமும் கார்னெட் தந்ததுதான்.

பூமியின் கதையைச் சின்னக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலோர் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள், அல்லது நெருப்புக் கோளத்திலிருந்து. 454 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனைச் சுற்றிய தூசியும் பாறைத் துண்டுகளும் சேர்ந்து பூமி உருவானது என்பது உண்மைதான். அது கதையின் தொடக்கம். கற்பதற்கும் அதுவே தொடக்கமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. முதலில் கையில் ஒரு கல். பிறகு எது முன்னே, எது பின்னே என்ற வரிசை. ஆண்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைகள் எண்ணை ஒப்பிப்பார்கள், கல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நம் பாடத்திட்டத்தில் பாறையும் மண்ணும் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் விரிவாக வருகின்றன. தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பாடம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தேர்வுக்காகக் கல்லைப் படிக்கிறது என்பதுதான் வருத்தம். ஐந்து வயதில் அதே பிள்ளை கல்லுக்காகவே கல்லைப் பார்த்தது. சட்டைப் பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு வராத குழந்தையை நான் பார்த்ததில்லை. துவைக்கும்போது அந்தக் கல்லை எடுத்து வெளியே எறிகிறோம். நிலவியல் வகுப்பை அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

வரிசையைக் கற்றுக்கொடுக்க அடுப்படி போதும். தோசை சுட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கும்போது குழந்தையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: “இதுல அம்மா முதல்ல ஊத்தினது எது?” அடியில் இருப்பது முதலில் ஊற்றியது, மேலே இருப்பது கடைசியில் ஊற்றியது. ஆறிப்போனது எது என்று தொட்டுப் பார்த்தும் சரிபார்த்துக்கொள்ளலாம். நிக்கோலஸ் ஸ்டீனோ 1669-இல் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதிவைத்த விதி இதுவேதான்: கலையாமல் கிடக்கும் அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, மலைகளில் கிடைக்கும் ‘நாக்குக் கற்கள்’ சுறாவின் பற்களே என்று கண்டுகொண்டவர் அவர். கடல் மீனின் பல் மலைக்குள் எப்படிப் போயிற்று என்ற கேள்விதான் அவரை அடுக்குகளிடம் கொண்டுபோனது.

அடுத்தது ஊறுகாய் பாட்டில். கண்ணாடி பாட்டிலில் பாதிக்குத் தோட்டத்து மண், ஒரு பிடி மணல், கொஞ்சம் சிறு கற்கள் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கி, குழந்தையே குலுக்கட்டும். கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். கல் உடனே அடியில் தங்கும். அதன்மேல் மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். வண்டல் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். களிமண் மட்டும் அடம்பிடிக்கும், தண்ணீர் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கும். சருகும் வேர்த்துணுக்கும் மேலே மிதக்கும். வேகமாக ஓடும் ஆறு கற்களை உருட்டிச் செல்வதும், வேகம் குறைந்த இடத்தில் மணலை விடுவதும், கழிமுகத்தின் அமைதியில் களிமண்ணைப் படியவிடுவதும் இந்த பாட்டிலுக்குள் நடக்கின்றன. பிறகு ஒரு நாள் மலையோரம் பிளந்த பாறையில் கூழாங்கல் அடுக்கு ஒன்றைக் கண்டால், “இங்க தண்ணி வேகமா ஓடியிருக்கு” என்று பிள்ளையே சொல்லும். என் மகள் சொன்னாள்.

புதைபடிவம் என்றால் என்ன என்பதற்கும் அருங்காட்சியகம் தேடிப்போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் சிமெண்ட் போட்ட தெரு எதை எடுத்தாலும் ஒரு நாயின் கால்தடம் பதிந்திருக்கும். கொத்தனார் பூசிவிட்டுப் போன இரவில் ஏதோ ஒரு நாய் நடந்திருக்கிறது. எங்கள் சந்தில் அப்படி ஒன்பது தடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தோம். நாய் கிழக்கிலிருந்து வந்தது. நடுவில் ஓரிடத்தில் தடங்கள் நெருக்கமாக இருக்கின்றன, அங்கே நின்றிருக்கிறது. பிறகு இடைவெளி கூடுகிறது, ஓடியிருக்கிறது. பக்கத்திலேயே காக்கையின் தடம் ஒன்று, ஆழம் குறைவாக. அப்படியென்றால் காக்கை வந்தபோது சிமெண்ட் கொஞ்சம் இறுகியிருக்கவேண்டும், நாய்க்குப் பிறகுதான் காக்கை வந்திருக்கிறது. நாயை யாரும் பார்க்கவில்லை, இருந்தாலும் அதைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. டைனோசரின் கால்தடங்களைக் கொண்டு அவை எவ்வளவு வேகமாக நடந்தன, கூட்டமாகப் போனவையா என்று ஆய்வாளர்கள் கணிப்பது இதே முறையில்தான்.

இப்படிக் கண் பழகிய பிறகு காரைக்குப் போகலாம்.

காரை, பெரம்பலூர் மாவட்டத்தில் சிறு ஊர். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கொல்லைகள் சட்டென்று நின்றுவிடும். துருப்பிடித்த நிறத்தில் மண்மேடுகள் தொடங்கும். மழைநீர் அரித்து அரித்து எண்ணற்ற ஓடைகளாக வெட்டிப்போட்ட களிமண் பூமி அது. சென்ற டிசம்பரில் மகளையும் அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அங்கே அழைத்துப் போனேன். நின்று பார்த்தால் வெறும் செம்மண் பொட்டல். குனிந்து பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல மின்னுவது ஜிப்சம். பள்ளிக்கூடத்தில் எழுதும் சாக்பீஸ் அதைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. விரல் அளவில், தோட்டா வடிவில் பழுப்பாகக் கிடப்பது பெலம்னைட். கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த கூர்முனை. சுருட்டிய பாய்போல் சுருள் சுருளாக இருப்பது அம்மோனைட். அதுவும் கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், ஓட்டுக்குள் வாழ்ந்தது. சிப்பிகளுக்குக் கணக்கே இல்லை.

மகள் ஒரு சிப்பியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். “மீன் வாசனையே வரல” என்று குறைபட்டுக்கொண்டாள். பெரியவன், ஒன்பது வயது, “மாமா, கடல்னு சொன்னீங்க, கடல் எங்க?” என்றான். இரண்டும் அருமையான கேள்விகள். முதல் கேள்விக்கு விடை, சதை அழுகிப் போய்விட்டது, ஓடு மட்டும் மண்ணுக்குள் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்துவந்த கனிமங்கள் ஊறி ஊறிக் கல்லாகிவிட்டது என்பது. இரண்டாவதற்கு விடை சொல்ல, கிழக்கே கையைக் காட்டினேன். இன்றைய கடற்கரை அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நிலத்தில் உலாவிய காலத்தில், கடல் இங்கே வரை வந்திருந்தது. நாங்கள் நின்ற இடம் கடலின் அடித்தரை.

இந்தப் பகுதியின் அருமை உலகத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஹென்றி பிளான்ஃபோர்டு நடந்து நடந்து பாறை அடுக்குகளை அளந்து வரைபடம் போட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே எடுத்த சிப்பிகளையும் நத்தைகளையும் படத்தோடு பெரும் நூல்களாக விவரித்தார். காரை, உட்டத்தூர், கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று நம் கிராமத்துப் பெயர்கள் உலகின் நிலவியல் நூலகங்களில் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது. அவர்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அந்தக் கடல் நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அரியலூரிலும் கல்லக்குடியிலும் சிமெண்ட் ஆலைகள் ஏன் வந்தன? அக்கடலின் சிப்பிகளும் பவளங்களும் பாசிகளும் சேர்ந்து உருவாக்கிய சுண்ணாம்புக்கல் அங்கே கிடைப்பதால்தான். அதைத் தோண்டி, அரைத்து, சூளையில் சுட்டுத்தான் சிமெண்ட் ஆகிறது. வீட்டுச் சுவரைத் தட்டி, “இதுக்குள்ள ஒரு பழைய கடல் இருக்கு” என்று ஒரு குழந்தையிடம் சொன்னால் அது பொய்யாகாது. சமையலறையில் இந்துப்பு இருந்தால் இன்னொரு கடலும் இருக்கிறது. பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் வெட்டி எடுக்கும் அந்த உப்பு, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிய கடலின் மிச்சம். நாக்கில் வைத்துப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடையாது.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்தது என்று அவ்வப்போது செய்தி வரும். 2020-இல் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது கைப்பேசிகளில் படம் பறந்தது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அவை கடல்வாழ் அம்மோனைட்டுகளும் அவற்றைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகளும்தான் என்றார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஏமாற்றமாக முகம் சுருங்கியது. உடனே நான், “சரி, முட்டை இல்லைனு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க?” என்று கேட்டேன். பத்து நிமிடம் பேசினார்கள். முட்டை ஓடு மெல்லிசாக இருக்கும், உடைத்தால் உள்ளே சுருள் இருக்காது, கடலுக்கு அடியில் போய் யாரும் முட்டையிடமாட்டார்கள். மூன்றாவது காரணத்தைச் சொன்னவள் ஏழு வயதுக்காரி. முட்டையே கிடைத்திருந்தால்கூட இவ்வளவு நல்ல பேச்சு நடந்திருக்காது.

மரங்களைக் காட்ட இரண்டு இடங்கள் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் (அணை இருக்கும் சாத்தனூர் வேறு) 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வக்ரகாளியம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வரும் ஊர் அது. கல்மரப் பூங்காவுக்கும் ஒரு நடை போய்வரலாம். மரத்தின் வரிகள், கணுக்கள் எல்லாம் அப்படியே தெரியும். தட்டினால் கல்லின் ஒலி. மரம் மட்கும் முன் மண்ணுக்குள் புதைந்து, சிலிக்கா கரைந்த நீர் ஒவ்வொரு அறையாக ஊடுருவி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டதால் வந்தது இந்த உருவம். அங்கே குழந்தைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “வேர் எங்கே, கிளை எங்கே?” தேடுவார்கள், கிடைக்காது. எல்லாமே மொட்டை அடிமரங்கள், படுத்துக் கிடப்பவை. பழைய ஆற்று வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து போட்டவை என்ற முடிவுக்கு அவர்களே வந்துசேர்வார்கள்.

சில வைணவ வீடுகளில் பூஜை அறையிலேயே புதைபடிவம் உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமம், பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்மோனைட். அதில் தெரியும் சக்கரம், அந்தப் பிராணி வாழ்ந்த ஓட்டின் சுருள். தாத்தா பாட்டி அதற்குத் திருமஞ்சனம் செய்யும் பக்திக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. இமயமலைப் பக்கத்து ஆற்றுக்குக் கடல் பிராணி எப்படி வந்தது என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். எவரெஸ்ட்டின் உச்சியே கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தது. பிரிந்து, வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. இடையில் இருந்த கடலின் அடித்தரை மடிந்து மேலே எழுந்தது. தரையில் ஒரு துண்டை விரித்து, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தள்ளச் சொல்லுங்கள், மடிப்பு எழும்பும். எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேட்டால், நகம் வளரும் வேகத்தில் என்று சொல்லலாம். இந்தியா இன்னும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு, எட்டு ஒன்பது வயதில், எண்ணுக்கு வரலாம். அதற்கும் கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். எங்களுக்கு அது கயிறு, யோசனை மாண்டிசோரி பள்ளிகளிலிருந்து வந்தது.

கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டதால் இத்தாலியரான அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. பல ஆண்டுகள் இங்கேயே தங்கினார், கொடைக்கானலில் சில ஆண்டுகள். பிரபஞ்சத்தின் கதையிலிருந்தே எல்லாப் பாடத்தையும் தொடங்கும் அவருடைய கல்விமுறை, கொடைக்கானலின் செடிகொடிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் வளர்ந்தது. மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் நீண்ட கறுப்புத் துணியைச் சுருள் சுருளாகப் பிரித்துக்கொண்டே போவார்கள். பூமியின் வயது அவ்வளவும் கறுப்பு. கடைசி நுனியில் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று, அதுதான் மனிதன். அந்தத் துணி இந்தியாவில் பிறந்தது என்று மாண்டிசோரி ஆசிரியர்கள் சொல்வார்கள்.

நாங்கள் துணிக்குப் பதில் கயிறு வைத்துக்கொண்டோம். ஒரு மீட்டர் என்றால் 10 கோடி ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் என்றால் 10 லட்சம் ஆண்டு. மொத்தம் 45 மீட்டர் 40 சென்டிமீட்டர். எங்கள் பகுதிப் பிள்ளைகள் இருபது பேர் மைதானத்தில் அதை நீட்டிப் பிடித்தார்கள். ஒரு முனை பூமியின் பிறப்பு, மறுமுனை இன்று. தொடக்கத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் ஒரு முடிச்சு: ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் படிகம், பூமியிலேயே உருவானவற்றில் நமக்குக் கிடைத்த மூத்த துகள். இன்றிலிருந்து 35 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். 25 மீட்டரில் நம் பல்லாவரத்துக் கல். அதை ஒட்டி, 24 மீட்டரில், காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. பிறகு நடந்துகொண்டே இருக்கவேண்டும்.

“இன்னும் மீன்கூட வரலையே” என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். நான் வேறு கதை எதையும் சொல்லி அவர்கள் சலிப்பைக் குறைக்கவில்லை. நாற்பது மீட்டர் நடந்தாலும் கண்ணுக்குப் புலப்படும் விலங்குகள் ஏறக்குறைய இல்லை என்பதைக் கால்தான் உணரவேண்டும். கடைசி ஐந்தரை மீட்டருக்குள் கூட்டம் நெருக்கியடிக்கிறது. கடலில் ஓடும் காலும் கண்ணும் உள்ள பிராணிகள், மீன்கள், நிலத்தில் செடிகள். 2 மீட்டர் 30 சென்டிமீட்டரில் டைனோசர்கள் வருகின்றன. ஒரு மீட்டர் அருகில் காரையின் கடல். 66 சென்டிமீட்டரில் டைனோசர்கள் முடிகின்றன. 20 சென்டிமீட்டரில் திருவக்கரை மரங்கள். மனித இனத்துக்குக் கிடைத்தது கடைசி 3 மில்லிமீட்டர். “கீழடி எங்க மாமா?” என்று அக்கா மகன் கேட்டான். 2,600 ஆண்டு இந்தக் கயிற்றில் ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. அவன் தன் தலையில் ஒரு முடியைப் பிடுங்கிக் கயிற்று நுனியில் வைத்துப் பார்த்தான். எனக்கு அது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது.

எண் வந்ததும், “இதெல்லாம் எப்படித் தெரியும், யார் எண்ணினா?” என்ற கேள்வியும் வரும், வரவேண்டும். பாதி எரிந்த ஊதுபத்தியைக் காட்டுங்கள். முழு நீளமும் எரியும் வேகமும் தெரிந்தால், ஏற்றிய நேரத்தைச் சொல்லிவிடலாம். பாறைக்குள் யுரேனியம் என்ற பொருள் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. ஊதுபத்திபோல ஒரே சீராகக் குறையாது. 447 கோடி ஆண்டில் பாதி, மீதத்தில் பாதிக்கு மறுபடியும் அவ்வளவு காலம் என்று குறையும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். கிளேர் பேட்டர்சன் 1956-இல் விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். எழுபது ஆண்டுகளாகியும் அந்த எண் பெரிதாக மாறவில்லை. அந்த ஆராய்ச்சியின்போது எங்கு பார்த்தாலும் ஈயத் தூசி கலந்து அளவைக் கெடுத்தது. அதன் காரணத்தைத் தேடிப்போன அவர், பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்து நெடுங்காலம் போராடினார். பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

டைனோசர்களின் முடிவைச் சொன்னால் சில குழந்தைகள் பயப்படும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் இன்றைய மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விழுந்தது. “நம்ம மேலயும் விழுமா?” என்று என் மகள் இரவில் கேட்டாள். மறைத்துப் பேசாமல் சொன்னேன்: அவ்வளவு பெரிய கல் விழுவது மிக மிக அரிது, வானத்தை இரவு பகலாகக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள், 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை மோதவிட்டு டைமார்ஃபஸ் என்ற சிறு விண்கல்லின் பாதையையே மாற்றிக் காட்டியது. அதோடு, டைனோசர்கள் எல்லாமே போய்விடவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக் கோழியின் காலைக் காட்டினேன். செதில், முன்பக்கம் மூன்று விரல், வளைந்த நகம். பறவைகள் டைனோசரின் வம்சம். அன்றிலிருந்து அந்தக் கோழிக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை.

தெரியாத கேள்வி வந்தால் “எனக்குத் தெரியல, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லுங்கள், பார்த்தும் சொல்லுங்கள். இதற்கு நிலவியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும், ஓடும் வண்டியை நிறுத்திக் குழந்தையோடு குனியும் மனதும் வேண்டும்.

காரைக்குப் போவதென்றால் மழைக்காலம் முடிந்த பின் போங்கள். ஒவ்வொரு மழையும் களிமண்ணைக் கரைத்து, அதுவரை யாரும் பார்த்திராத சிப்பிகளை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் கிடையாது. தண்ணீர், தொப்பி, நோட்டு, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படம் வரையட்டும், தொட்டுப் பார்க்கட்டும், மோந்தும் பார்க்கட்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரட்டும். திரும்பும் வழியில் அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் மண்ணில் பார்த்த சிப்பியின் பெயரை மாலையில் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் படித்துக்கொள்ளலாம்.